ஓகே: எங்கிருந்து வந்தது, எப்படிச் சொல்வது, எங்கே இடறும்

‘லோன் ஓகே ஆயிடுச்சு.’ ‘ஷாட் ஓகே.’ ‘படம் ஓகே ரகம்.’ ‘ஞாயித்துக்கிழமை ஓகேவா?’ ‘ஓகே, வச்சிடறேன்.’

ஐந்திலும் இருப்பது ஒரே சொல். முதலாவதில் வங்கி அனுமதி கொடுத்துவிட்டது. இரண்டாவதில் இயக்குநர் இன்னொரு டேக் வேண்டாம் என்கிறார். மூன்றாவதைச் சொன்னவருக்குப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான்காவது சம்மதம் கேட்கிறது. ஐந்தாவதில் சம்மதம் என்று எதுவுமே இல்லை. பேச்சு முடிந்தது, போனை வைக்கலாம் என்பதுதான் விஷயம். ஆங்கிலத்திலும் இந்த ஐந்து வேலைகளையும் இதே சொல்தான் செய்கிறது. உலகில் அதிக மொழிக்காரர்களுக்குப் புரியும் சொல் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். அதற்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை.

‘ஓகே’ என்றால் ‘நல்லது’ என்று படித்திருந்தால், அதை முதலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். ‘ஏற்கலாம், தடை இல்லை’ என்பதே இதன் அடிப்படைப் பொருள். அதில் பாராட்டும் கிடையாது, பழிப்பும் கிடையாது. நம் ‘சரி’ ஏறக்குறைய இதற்கு இணை. ஆனால் ‘சரி’ இரண்டு வேலை பார்க்கும். ‘கணக்கு சரி’ என்றால் பிழையில்லை. ‘சரி, வரேன்’ என்றால் சம்மதம். இவற்றில் இரண்டாவது வேலையை ‘ஓகே’ முழுதாகச் செய்யும், முதலாவதை அரைகுறையாகத்தான் செய்யும். விடைத்தாளைப் பார்த்து ஆசிரியர் ‘கரெக்ட்’ என்றால் முழு மதிப்பெண்ணை எதிர்பார்க்கலாம். ‘ஓகே’ என்றால் தேறிவிட்டது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் பிறந்ததே ‘எல்லாம் கரெக்ட்’ என்ற பொருளில்தான்.

பாஸ்டன், 23 மார்ச் 1839

1838-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எதையெடுத்தாலும் முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதுவது. அது சலித்தபோது அடுத்த படிக்குப் போனார்கள்: வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அந்தப் பிழையைச் சுருக்குவது. ‘ஆல் ரைட்’ என்பதைப் படிக்காதவர் எழுதுவதுபோல் ‘ஓல் ரைட்’ என்று எழுதி, ‘ரைட்’டையும் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கவைத்து, ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். ‘நோ கோ’, அதாவது ‘ஆகாது’ என்பது ‘கே.ஜி.’ ஆனது. ‘தெரியும்’ என்ற பொருளுள்ள ‘நோ’வுக்கு முன்னால் ஒலிக்காத ‘கே’ ஒன்று நிற்கிறதே, அதை இங்கே இழுத்து வந்து ஒட்டிவிட்டார்கள். இன்றைய வாட்ஸ்அப் தலைமுறைக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

அந்த வரிசையில்தான் 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் ‘ஓ.கே.’ வந்தது. பத்திரிகையின் ஆசிரியர் சார்ல்ஸ் கார்டன் கிரீன். செய்தி ஒன்றும் பிரமாதமில்லை. ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குறும்புக் குழுவின் பயணத்தைப் பற்றி, பிராவிடென்ஸ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியரைச் சீண்டும் துணுக்கு அது. அதன் நடுவில் சிறிய எழுத்தில் ‘ஓ.கே.’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று பொருளும் கொடுத்திருந்தார்கள். வாசகர்களுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் பழகவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இதிலுள்ள நகைச்சுவை ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால்தான் பிடிபடும். ‘ஆல்’ தொடங்குவது ‘ஏ’ எழுத்தில்; ‘கரெக்ட்’ தொடங்குவது ‘சி’ எழுத்தில். ஒழுங்காகச் சுருக்கியிருந்தால் ‘ஏ.சி.’ என்றுதான் வந்திருக்கும். அதை ‘ஓல் கொரெக்ட்’ என்று காதுக்குக் கேட்டபடி எழுதி, ‘ஓ’வையும் ‘கே’யையும் முதலெழுத்தாக்கினார்கள். ‘எல்லாம் சரி’ என்று அறிவிக்கும் சொல்லில் இரண்டே எழுத்து, இரண்டும் தப்பு. அவ்வளவுதான் ஜோக்.

இத்தகைய சுருக்கங்கள் டஜன் கணக்கில் புழங்கின. ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே காணாமல் போயின. ‘ஓ.கே.’ மட்டும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு தேர்தல்.

1840-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையாகப் போட்டியிட்டார். அவர் ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவருக்கு ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்; நம் ஊரில் தலைவர்களை ஊர்ப்பெயரால் அழைப்பதைப் போலத்தான். அதன் முதலெழுத்துகளும் ‘ஓ.கே.’யாகவே அமைந்தன. நியூயார்க்கில் அவர் கட்சிக்காரர்கள் ‘ஓ.கே. கிளப்’ என்றே ஒரு மன்றம் தொடங்கினார்கள். ‘ஓ.கே.’ என்று முழங்கினால் நம் ஆள் என்றும் பொருள், எல்லாம் சரி என்றும் பொருள். எதிர்த்தரப்பான விக் கட்சியினர் சும்மா இருப்பார்களா? 1837-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியைச் சுட்டி, ‘ஓ.கே. என்றால் அவுட் ஆஃப் கேஷ்’, அதாவது கையில் காசில்லை என்று திருப்பி அடித்தார்கள். ‘கேஷ்’ஷையும் ‘கே’ எழுத்தில் தொடங்கும்படி தப்பாக எழுதித்தான். முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் ‘ஆல் கரெக்ட்’ என்பதை இப்படித்தான் கிறுக்குவார், அங்கிருந்துதான் ‘ஓ.கே.’ வந்தது என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். ஜாக்சன் வான் பியூரனின் அரசியல் ஆசான் என்பதால் அடி இருவர் மேலும் விழுந்தது.

வான் பியூரனுக்கு 60 தேர்வாளர் வாக்குகள்தான் கிடைத்தன. எதிர்த்து நின்ற விக் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234. ஆனால் பிரசாரம் நடந்த மாதங்களில் இரு தரப்பும் சேர்ந்து பாஸ்டன் உள்ளூர்க் கேலி ஒன்றை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய பத்திரிகைகளைத் தேதி வாரியாகத் துருவி, 1963, 1964 ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். அதுவரை இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சொல்கிறார்கள்.

நம்பிவிடக்கூடிய கதைகள்

சொல் பிறப்புக் கதையைச் சோதிக்க ஒரு சுலபமான வழி, தேதியைப் பார்ப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்களுக்கு வந்த பிஸ்கட்டில் ‘ஓ.கே.’ என்று தயாரிப்பாளரின் முதலெழுத்து பொறித்திருந்தது, பிஸ்கட் நன்றாக இருந்ததால் சொல்லும் நிலைத்தது என்பார்கள். அந்தப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. சொல் அச்சேறி இருபது ஆண்டு கடந்துவிட்டது. ‘போரில் யாரும் சாகவில்லை என்பதை ‘ஜீரோ கில்டு’ என்று பலகையில் எழுதுவார்கள்’ என்று ஃபார்வர்டு மெசேஜில் வருமே, அதற்கும் இதே கதிதான். 1839-க்கு முன்னால் அப்படி எழுதிய ஒரு சான்றும் இல்லை.

1790-இல் டென்னஸி பகுதி நீதிமன்ற ஆவணம் ஒன்றில் ‘ஓ.கே.’ இருக்கிறது என்று நீண்ட காலம் சாதித்தார்கள். கையெழுத்தைச் சரியாகப் படித்தபோது அது ‘ஓ.ஆர்.’ என்று தெரிந்தது. ‘பதிவுசெய்ய உத்தரவு’ என்பதன் சுருக்கம். கையால் எழுதிய ‘ஆர்’ பல இடங்களில் ‘கே’ போலவே தெரியும். பழைய பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அடுத்தது ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்லும் கதைகள். கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் எல்லாம் நலம். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டாக்களின் மொழியில் ‘ஓகே’ என ஒலிக்கும் சொல்லுக்கு ‘அப்படியே’ என்ற பொருள் உண்டு. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இந்தச் சாக்டா கதையை நம்பி, கோப்புகளில் ‘ஓ-கே-இ-எச்’ என்ற சாக்டா எழுத்துக்கூட்டலிலேயே ஒப்புதல் எழுதினார். 1918-இல் தொடங்கிய ‘ஓகே ரெக்கார்ட்ஸ்’ இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலும் அதே எழுத்துக்கூட்டல்தான். ஆனால் அது நிறுவனர் ஓட்டோ கே. இ. ஹைன்மன் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்துகொண்ட வசதி.

மேற்கு ஆப்பிரிக்க வொலோஃப் மொழிக் கதையை மட்டும் சிரித்து ஒதுக்க முடியாது. அதில் ‘வாவ்’ என்றால் ஆம். அதை அழுத்திச் சொல்ல ‘கே’ என்ற ஒட்டு உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக அது அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்று டேவிட் டால்பி என்ற மொழியியலாளர் வாதிட்டார். அவர்கள் பேச்சை எழுதிவைக்க ஆளில்லை என்பதால் சான்று கிடைக்காமல் போயிருக்கலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் 1839 துணுக்கு தன் சுருக்கத்துக்குத் தானே விளக்கம் சொல்கிறது. அதோடு சேர்ந்து அதே பாணியில் பிறந்த ஒரு கூட்டமே பத்திரிகைகளில் இருக்கிறது. அந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய சான்று வேறு எந்தக் கதைக்கும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார்கள். முதல் எழுத்து ஒத்துப்போகிறது என்று யாராவது அங்கிருந்தும் ஒரு கதை கிளப்பினால், அவருக்கும் இதே பதில்தான்.

கிடைத்ததா, சம்மதமா?

கேலிச் சொல்லை வேலைக்குரிய சொல்லாக மாற்றியதில் தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 1844-இல் தந்தி வந்தது. ரயில் நிலையங்கள் அதை நம்பித்தான் வண்டிகளை ஓட்டின. அனுப்பிய செய்தி முழுதாக வந்து சேர்ந்தது என்று பதில் சொல்ல ஒரு சின்னக் குறி தேவைப்பட்டது. அன்றைய அமெரிக்க மோர்ஸ் முறையில் ‘ஓ’ என்பது சிறு இடைவெளி விட்டு இரண்டு புள்ளி. ‘கே’ என்பது கோடு, புள்ளி, கோடு. நொடியில் தட்டிவிடலாம், வேறு குறியோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. தந்தியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் இச்சொல்லின் பெரிய பலவீனமும் ஒட்டிக்கொண்டது. தந்தியாளரின் ‘ஓகே’ என்றால் ‘செய்தி கிடைத்தது’ என்று பொருள். அதிகாரியின் ‘ஓகே’ என்றால் ‘அனுமதி தந்தேன்’ என்று பொருள். கேட்பவர் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல் தீர்மானிக்காது, சூழல்தான் தீர்மானிக்கும். சூழல் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெனெரிஃப் விபத்தைவிடக் கொடிய உதாரணம் கிடையாது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான டெனெரிஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். ஓடுபாதையில் மூடுபனி. ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747. அதே ஓடுபாதையில் எதிர்த் திசையிலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது பான் ஆம் நிறுவனத்தின் 747. மேலேறியபின் எந்த வழியில் போவது என்ற அனுமதி கே.எல்.எம்.முக்குக் கிடைத்திருந்தது, புறப்படும் அனுமதி கிடைக்கவில்லை. வழி அனுமதியைத் திருப்பிப் படித்துக்காட்டிய துணை விமானி, கடைசியில் ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். ஒரு சின்ன இடைவெளி விட்டு, ‘டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நானே கூப்பிடுகிறேன்’ என்றும் சொன்னார். அதே நேரம் பான் ஆம் விமானி ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று அதே அலைவரிசையில் சொன்னார். இரண்டு ஒலிபரப்பும் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் கீச்சென்ற சத்தம்தான் கேட்டது. தெளிவாகக் காதில் விழுந்தது ‘ஓகே’ மட்டும். விமானம் ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது. மோதலில் 583 பேர் இறந்தார்கள்.

பனி, அவசரம், நெரிசல் என்று காரணங்கள் பல சேர்ந்தன. பழி முழுவதையும் ஒரு சொல்லின் மேல் போட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு விமான வானொலிப் பேச்சில் விதிகள் இறுகின. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே புறப்படும் அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் உச்சரிக்கலாம். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. முக்கியமான அனுமதிகளுக்கு ‘ஓகே’ என்று பதில் சொன்னால் போதாது. அனுமதியின் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்துக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். ‘வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் வேணும்’ என்று மேலாளர் செய்தி அனுப்புகிறார். ‘ஓகே சார்’ என்று பதில் போகிறது. பதில் அனுப்பியவர் மனதில், ‘பார்த்துட்டேன்’. அதை வாசித்த மேலாளர் மனதில், ‘முடிச்சுத் தரேன்’. வெள்ளிக்கிழமை மாலை சண்டை. ‘ஓகே சார், வெள்ளி நாலு மணிக்குள் அனுப்புகிறேன்’ என்று எழுதியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. முடியுமா என்று தெரியாவிட்டால், ‘பார்த்துவிட்டேன், மதியத்துக்குள் சொல்கிறேன்’ என்று எழுதலாம்.

கணினித் திரையிலும் இதே சிக்கல் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கும்போது, உரையாடல் பெட்டிப் பொத்தானில் முதலில் ‘டூ இட்’ என்றுதான் எழுதியிருந்தது. சோதனைக்கு உட்காரவைத்தவர்கள் அங்கே வந்து தயங்கினார்கள். காரணம், எழுத்துரு. பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஒரே மாதிரிச் செங்குத்துக் கோடு, சொற்களுக்கு இடையே இடைவெளியும் போதவில்லை. அது ‘டோல்ட்’ என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். என்னை ஏன் இது மடையன் என்கிறது என்று ஒருவர் கேட்டே விட்டார். பொத்தான் ‘ஓகே’ ஆனது. இன்று நல்ல வடிவமைப்பாளர்கள் அந்த ‘ஓகே’யையும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்று கேட்டு, கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’ என இரண்டு பொத்தான் வைத்தால் எதை அழுத்துவது? ‘ரத்து செய்’, ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று வினைச்சொல்லையே எழுதுவதுதான் சரியான வழி.

ஆங்கிலத்தில் சொல்லும்போது

இச்சொல் பெயரடையாக, வினையாக, பெயராக, வியப்பிடைச் சொல்லாக எல்லாமாக வரும். இலக்கண வகையை மனப்பாடம் செய்வதைவிட, கூட வரும் சின்னச் சொற்களைப் பிடித்துக்கொள்வது பயன் தரும். ஆளுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் ‘வித்’: ‘ஐயாம் ஓகே வித் தட்’. ஒருவருக்கு வசதிப்படுமா என்று கேட்க ‘ஃபார்’: ‘ஈஸ் மண்டே ஓகே ஃபார் யூ?’ ஒரு செயலுக்கு அனுமதி கேட்க ‘டு’ அல்லது ‘இஃப்’: ‘ஈஸ் இட் ஓகே டு பார்க் ஹியர்?’, ‘ஈஸ் இட் ஓகே இஃப் ஐ பார்க் ஹியர்?’

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ‘உங்களுக்கு ஓகேவா?’ என்பதை மனதில் வைத்து ‘ஆர் யூ ஓகே?’ என்று கேட்டுவிடுகிறோம். அதற்குப் பொருள், ‘உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ கீழே விழுந்தவரிடம், முகம் வாடியிருப்பவரிடம் கேட்கிற கேள்வி அது. கூட்டத்தின் நேரத்தை மாற்றிவிட்டு ‘ஆர் யூ ஓகே?’ என்றால், எதிரில் இருப்பவர் தன் முகத்தில் என்ன தெரிகிறது என்று யோசிப்பார்.

காபி வேண்டுமா என்று கேட்டதற்கு ஒருவர் ‘ஐயாம் ஓகே’ என்றால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். தம்ளரோடு போய் நிற்கக் கூடாது. ‘சாரி’ என்றவரிடம் ‘இட்ஸ் ஓகே’ என்றால் ‘பரவாயில்லை’. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்ற கேள்விக்கு ‘ஓகே’ என்று பதில் சொல்வது குழப்பம்; ‘உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரமமா?’ என்றல்லவா அவர் கேட்டிருக்கிறார்? ‘நோ, கோ அஹெட்’ என்பதுதான் இடம்கொடுக்கும் பதில்.

பாராட்டவேண்டிய இடத்தில் ‘ஓகே’ சொன்னால் குறை சொன்னதாக ஆகும். விருந்து போட்டவரிடம் ‘த ஃபுட் வாஸ் ஓகே’ என்றால், ‘ஏதோ சாப்பிட்டேன்’ என்று காதில் விழும். ‘ஜஸ்ட் ஓகே’ என்றால் இன்னும் ஒரு படி கீழே. ‘வெரி ஓகே’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பெர்ஃபெக்ட்லி ஓகே’ உண்டு. அது தரத்தைக் கூட்டாது, ஆட்சேபம் துளியும் இல்லை என்பதை உறுதிப்படுத்தும். எதிர்மறையில் சொல்லின் சுபாவமே மாறிவிடுகிறது. ‘ஓகே’ எவ்வளவு மிதமோ, ‘தட்ஸ் நாட் ஓகே’ அவ்வளவு காட்டம்: ‘நீ செய்தது முறையல்ல.’ சும்மா ‘பிடிக்கவில்லை’ என்று சொல்ல இதைப் பயன்படுத்தினால் தேவையில்லாத சண்டை வரும்.

வினையாக வந்தால் ஒப்புதல் தருவது: ‘த பாஸ் ஓகேட் த பட்ஜெட்’. பெயராக வந்தால் ஒப்புதலே: ‘வி காட் ஹெர் ஓகே’. ஆசிரியர்கள், பேச்சாளர்கள் வாக்கியத் தொடக்கத்தில் போடும் ‘ஓகே’க்குச் சம்மதத்தோடு தொடர்பில்லை, பழைய விஷயத்தை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்கும் அடையாளம் அது. நாம் ‘சரி, அடுத்து…’ என்போமே, அதேதான்.

குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். தாழ்ந்து முடிந்தால் ஏற்பு. உயர்ந்து முடிந்தால் கேள்வி. ‘ஓகே…ஏ’ என்று இழுத்தால் நம்பிக்கை இல்லை என்பது பொருள். எழுத்தில் குரல் இல்லாததால் வாசிப்பவர் தானே ஒரு குரலைக் கற்பனை செய்துகொள்கிறார். நீளமாக எழுதியவருக்கு ‘கே’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போனால் கோபம் என்றே எடுத்துக்கொள்வார்.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை, இரண்டு பெரிய எழுத்துகளாக எழுதுவதும் சரி, நான்கெழுத்துச் சொல்லாக விரித்து எழுதுவதும் சரி. அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு இரண்டெழுத்தை மட்டும் ஏற்கிறது. கதைகளில் உரையாடலுக்கு நான்கெழுத்து வடிவம் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ‘ஏ-ஓகே’ என்ற வடிவம் 1961 மே 5 அன்று, ஆலன் ஷெப்பர்ட் விண்ணுக்குப் போன நாளில் பரவியது. அவர் சொன்னதாக நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஷார்ட்டி பவர்ஸ் அறிவித்தார். ஒலிப்பதிவின் எழுத்துப்படியில் ஷெப்பர்ட் அப்படிச் சொன்னதாக இல்லை.

தமிழில்

அயல் சொல்லை நம் இலக்கணத்துக்குள் இழுக்க நமக்கு இரண்டு கொக்கிகள் உண்டு: ‘பண்ணு’, ‘ஆகு’. ‘ஓகே பண்ணிட்டாங்க’ என்றால் ஒப்புதல் தந்தவர் ஒருவர் இருக்கிறார். ‘ஓகே ஆயிடுச்சு’ என்றால் தந்தவர் யார் என்பது மறைந்துவிட்டது, காரியம் முடிந்தது மட்டும் தெரிகிறது. வீட்டில் வரன் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம். ‘பொண்ணு ஓகே பண்ணிட்டா’ என்பது வேறு, ‘சம்பந்தம் ஓகே ஆயிடுச்சு’ என்பது வேறு. இரண்டாவதில் பெண்ணைக் கேட்டார்களா என்றே தெரியாது.

‘ஓகேவா’ கேள்வி, ‘ஓகேதான்’ அரைமனது, ‘ஓகேங்க’ மரியாதை, ‘ஓகேடா’ நெருக்கம். ஆங்கிலத்தில் குரலால் காட்டவேண்டியதில் பாதியைத் தமிழ் ஒட்டுகளே காட்டிவிடுகின்றன. பெரியவர்களிடம் வெறும் ‘ஓகே’ கொஞ்சம் வெட்டிப் பேசுவதுபோல் இருக்கும். ‘சரிங்க’ என்றாலே பொருந்தும். எழுத்தில் ‘ஓகே’, ‘ஓ.கே.’, ‘ஓக்கே’ மூன்றும் புழங்குகின்றன. ககரம் ஒற்றையாக உயிருக்குப் பின் வந்தால் தமிழில் மெலிந்து ஒலிக்கும் என்பதால், உச்சரிப்புக்கு நெருக்கமானது ‘ஓக்கே’தான். ஆனால் ‘ஓகே’ நன்றாகவே வேரூன்றிவிட்டது. அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதில் பலனில்லை.

கையால் காட்டும் ‘ஓகே’யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, மற்ற மூன்றையும் விரிப்பது நம்மூரில் ‘பிரமாதம்’. ஜப்பானில் அது பணத்தைக் குறிக்கும். பிரேசிலில் ஆபாசச் சைகை. அமெரிக்காவில் வெள்ளை இனவெறிக் குழுக்கள் சில அதைக் கையிலெடுத்ததால், 2019-இல் வெறுப்புப் பிரசாரத்தைக் கண்காணிக்கும் ‘ஆன்டி டிஃபமேஷன் லீக்’ அமைப்பு அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது; பெரும்பாலும் சாதாரணப் பொருளில்தான் காட்டுகிறார்கள் என்ற குறிப்போடு. ஸ்கூபா முக்குளிப்பில் மட்டும் இந்த வளையம் கட்டாயப் பாடம். ஒருவர் காட்டினால் அது கேள்வி, மற்றவர் திருப்பிக் காட்டினால் அது பதில். பதில் வராவிட்டால் ஏதோ பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கட்டைவிரலை உயர்த்தக் கூடாது. தண்ணீருக்கு அடியில் அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள். காட்டினால், கூட வந்தவர் முக்குளிப்பை அத்தோடு முடித்துக்கொண்டு மேலேறத் தொடங்கிவிடுவார்.